22 ஆவது செக்கனில் கிடைத்த படம்

பொகவந்தலாவையில் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறார்: "சேர், காமாக் கதிர் வெடிப்பு சில செக்கன்கள்தான் இருக்கும் என்று படித்தேன். வானத்தில் எந்தப் பக்கம் வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாதாம். அப்படியென்றால் வெடிக்கும்போதே அதன் ஒளியைப் படம் பிடித்தார்கள் என்பது எப்படி? யாராவது அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்களா? நம் மலைநாட்டில் ஒரு சின்னத் தொலைகாட்டி வைத்தால் நாமும் பிடிக்கலாமா?"

மகள், முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. அந்தப் படத்தை எடுத்தபோது தொலைகாட்டிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. மனிதரை விலக்கியதால்தான் அந்தப் படமே கிடைத்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம். அதற்கு முன் இந்த முதல் நிமிடத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைச் சொல்ல வேண்டும்.

காமாக் கதிர் என்பது மிக அதிக ஆற்றல் கொண்ட, கண்ணுக்குத் தெரியாத ஒளி. அது நம் வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. அதனால் இந்த வெடிப்புகளைச் செய்மதிகள்தான் முதலில் கண்டன. யாராவது இரகசியமாக அணுகுண்டுச் சோதனை செய்கிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செய்மதிகளில் 1967 ஜூலை 2 அன்று ஒரு வெடிப்பு பதிவானது. அது பூமியில் நடந்ததும் இல்லை, சூரியனில் நடந்ததும் இல்லை என்று உறுதி செய்து, அதுபோன்ற வேறு பல வெடிப்புகளோடு சேர்த்து, 1973 இல்தான் வெளியே சொன்னார்கள். பிறகு 1991 இல் கொம்ப்டன் செய்மதி போனது. அதிலிருந்த பட்ஸே என்ற கருவி ஒன்பது ஆண்டுகளில் 2704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒன்று. அவை வானம் முழுக்க ஒரே சீராகப் பரவியிருந்தன, பால்வீதியின் பட்டையோரம் கூடிக் கிடக்கவில்லை. ஆக இவை நம் வீட்டு விஷயம் இல்லை, மிகத் தூரத்து விஷயம் என்ற சந்தேகம் வலுத்தது.

சந்தேகத்தைத் தீர்க்க வேண்டுமானால் அந்த இடத்தில் ஒளியைப் பார்க்க வேண்டும். அங்கேதான் சிக்கல். காமாக் கதிரை லென்ஸ் வைத்துக் குவிக்க முடியாது. பட்ஸே சொன்ன இடத்தில் பல பாகை பிழை இருந்தது. முழுநிலவின் அகலமே அரைப் பாகைதான். பெரிய தொலைகாட்டிகள் ஒரு தடவையில் பார்க்கும் வானப் பரப்பு பெரும்பாலும் நிலவைவிடச் சின்னது. "தலவாக்கலைப் பக்கம் ஏதோ ஒரு லயத்தில் ஒரு விளக்கு எரிந்தது" என்று சொல்லி, ஒரு சாவித் துவாரம் வழியாகப் பார்த்துக் கண்டுபிடி என்பதுபோல.

1997 பெப்ரவரி 28 அன்று பெப்போசாக்ஸ் என்ற இத்தாலி, நெதர்லாந்து கூட்டுச் செய்மதி ஒரு வெடிப்பை எக்ஸ் கதிரிலும் பார்த்து, இடத்தைத் துல்லியமாகச் சொன்னது. ஏறத்தாழ 21 மணி நேரத்துக்குப் பிறகு ஸ்பெயினின் லா பால்மா தீவின் 4.2 மீற்றர் வில்லியம் ஹேர்ஷல் தொலைகாட்டியில் எடுத்த படத்தில் ஒரு மங்கிய புள்ளி இருந்தது. சில நாட்கள் கழித்து எடுத்த படத்தில் அது இல்லை. வெடிப்புக்குப் பிறகு மெல்ல மங்கிக்கொண்டு போகும் இந்த ஒளிக்குப் பின்னொளிர்வு என்று பெயர். சாதாரண ஒளியில் கண்ட முதல் பின்னொளிர்வு இதுதான். அதே ஆண்டு மே 8 அன்று நடந்த இன்னொரு வெடிப்பின் நிறமாலையில் செம்பெயர்ச்சி (தூரத்து ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு; தூரம் கூடக் கூட இதுவும் கூடும்) குறைந்தது 0.835 என்று அளந்தார்கள். பல நூறு கோடி ஒளியாண்டு தூரம். 30 ஆண்டு வாக்குவாதம் அத்தோடு முடிந்தது.

ஆனால் 21 மணி நேரம் என்பது மிகத் தாமதம். அடுப்பு அணைந்த பிறகு சாம்பலில் கை வைத்துச் சூட்டைப் பார்ப்பது மாதிரி. நெருப்பு இருந்தது என்று தெரியும். எப்படிப் பற்றியது, எவ்வளவு உயரம் எரிந்தது என்று தெரியாது.

சரி, ஒரு மனிதர் எவ்வளவு வேகமாக இதற்குத் தயாராக முடியும்? நான் ஒரு பெப்ரவரி இரவில் இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு அப்புத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்து மேட்டில் இதைச் சோதித்துப் பார்த்தேன். எங்களிடம் இருந்தது ஒரு பழைய டிஜிட்டல் கெமரா, 200 மில்லிமீற்றர் லென்ஸ், ஒரு முக்காலி, ஒரு நட்சத்திர வரைபடம். ஒருவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பார். நினைத்த நேரத்தில் ஒரு இடத்தின் ஆள்கூறுகளை உரக்கச் சொல்வார். அதுதான் எங்கள் செய்மதி. மற்றவர் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, வரைபடத்தில் இடத்தைத் தேடி, கெமராவைத் திருப்பி, திருகை இறுக்கி, படம் எடுக்க வேண்டும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முதல் தடவை பதினொரு நிமிடம் ஆனது. பழகப் பழக இறங்கியது. மிகக் குறைந்தது 4 நிமிடம் 10 செக்கன். அதிலும் ஒரு படத்தில் லென்ஸில் பனி படிந்து நட்சத்திரமெல்லாம் பஞ்சு மாதிரி இருந்தது. வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி லென்ஸோடு சேர்த்துக் கட்டிய பிறகுதான் சரியானது. இத்தனைக்கும் நாங்கள் விழித்துக்கொண்டு, கையில் கெமராவோடு, முகில் இல்லாத வானத்துக்குக் கீழே நின்றோம். வெடிப்பு எந்த இரவில் எந்த மணிக்கு வரும் என்று தெரியாதபோது, மாதக்கணக்கில் யார் இப்படி நிற்பது?

அதனால்தான் 90களில் சிலர் வேறு விதமாக யோசித்தார்கள். கொம்ப்டன் செய்மதி ஒரு வெடிப்பைக் கண்டதும், அந்தத் தரவு தரைக்கு வந்து சேரும் சில செக்கன்களுக்குள் ஒரு கணினி இடத்தைக் கணக்குப் போட்டு இணையம் வழியாக எல்லோருக்கும் அனுப்பும் ஒரு ஏற்பாட்டை நாசாவின் ஸ்கொட் பார்தெல்மி உருவாக்கினார். நம் தோட்டங்களில் முன்பு விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டுவதற்கு, தப்பு அடித்ததை உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். ஒரு இடத்தில் அடித்தால் எல்லா லயத்திலும் ஆள் எழும்பும். இந்த ஏற்பாடும் அப்படித்தான். வித்தியாசம், இந்தத் தப்புச் சத்தத்துக்கு எழும்புவது இயந்திரம்.

அப்படி எழும்பிய இயந்திரங்களில் ஒன்றுதான் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், லொஸ் அலமோஸில் நின்ற ரொட்ஸே-1. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஏகர்லோஃப் தலைமையிலான குழு கட்டியது. இதைத் தொலைகாட்டி என்று சொல்லவே யோசிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கெனொன் 200 மில்லிமீற்றர் லென்ஸ்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சிசிடி கெமரா. நான்கும் ஒரே தாங்கியில். நாங்கள் அப்புத்தளையில் வைத்திருந்த லென்ஸின் குவியத்தூரமும் அதேதான். நான்கும் சேர்ந்து 16 பாகைக்கு 16 பாகை வானத்தைப் பார்க்கும். முழுநிலவை வரிசையாக வைத்தால் ஒரு பக்கத்துக்கு முப்பதுக்கு மேல் வைக்கலாம். பட்ஸே சொல்லும் இடம் சில பாகை பிசகினாலும் பரவாயில்லை, வெடிப்பு படத்துக்குள் எங்கேயாவது இருக்கும். பெரிய கண்ணாடியை விட்டுவிட்டு அகலத்தையும் வேகத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

1999 ஜனவரி 23. லொஸ் அலமோஸில் அதிகாலை 2.47. வெடிப்பு தொடங்கிய 22 ஆவது செக்கனில் ரொட்ஸேயின் முதல் படம் திறந்தது. வெறும் 5 செக்கன் படம். அதில் பிரகாச எண் 11.7 உள்ள ஒரு புள்ளி. (பிரகாச எண் குறையக் குறைய பொருள் பிரகாசமானது. 5 எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு. இருண்ட வானத்தில் நம் கண்ணுக்கு 6 வரை தெரியும்.) 47 ஆவது செக்கனில் எடுத்த அடுத்த படத்தில் அது 8.9 ஆகியிருந்தது. 25 செக்கனுக்குள் பதின்மூன்று மடங்குக்கு மேல் ஏற்றம். 73 ஆவது செக்கனில் 10.0. பிறகு மளமளவென்று இறங்கி, பத்து நிமிடத்தில் 14.3.

உச்சத்தில் இருந்தபோது அந்த இடத்தை ஒரு சாதாரண இருகண் தொலைநோக்கியால் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆனால் அதன் செம்பெயர்ச்சி 1.6. ஒளி புறப்பட்டு 900 கோடி ஆண்டுகளுக்கு மேல். நம் சூரியன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே புறப்பட்ட ஒளி, நான்கு கெமரா லென்ஸுக்குள் வந்து விழுந்தது. அதை அந்த நிமிடத்தில் யாரும் அறியவில்லை. படங்கள் கணினியில் கிடந்தன. பெப்போசாக்ஸ் சரியான இடத்தைச் சொன்ன பிறகுதான் போய்த் தேடி எடுத்தார்கள்.

இப்போது அந்தப் படங்கள் என்ன சொல்லின என்று பார்ப்போம். நீண்ட வகை வெடிப்பு (இரண்டு செக்கனுக்கு மேல் நீடிப்பது) என்பது ஒரு பெரிய விண்மீன் சரிந்து விழும்போது, அதன் நடுவில் இருந்து ஒளி வேகத்தை நெருங்கிப் பாயும் ஒரு தாரை. தாரைக்குள்ளேயே வேகமான அடுக்கு முன்னால் போகும் மெதுவான அடுக்கில் மோதி காமாக் கதிரைத் தருகிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். பிறகு தாரை சுற்றியுள்ள வாயுவை உழுதுகொண்டு போகும். அப்போது இரண்டு அதிர்ச்சி அலைகள் உண்டாகும். ஒன்று வெளிவாயுவுக்குள் முன்னோக்கிப் போகும். அது பல நாள் நீடிக்கும் பின்னொளிர்வைத் தரும். மற்றது தாரைக்குள் பின்னோக்கித் திரும்பும். தாரையை ஒரு தடவை கடந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. ஆகவே அது தரும் ஒளி சட்டென்று ஏறி வேகமாக மங்க வேண்டும். ரொட்ஸேயின் படங்களில் ஒளியின் உச்சம் காமாக் கதிரின் உச்சங்களோடு சேர்ந்து வரவில்லை. இறக்கமோ மிகச் செங்குத்து. அதனால் அந்த ஒளி பின்னோக்கிய அதிர்ச்சி அலையில் இருந்து வந்தது என்ற விளக்கம் நன்றாகப் பொருந்தியது. 21 மணி நேரம் கழித்துப் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கவே முடியாது. அதற்குள் அந்த அலை அடங்கி, முன்னோக்கிய அலையின் ஒளி மட்டும் மிஞ்சியிருக்கும்.

இங்கே ஒரு கேள்வி உங்களுக்கு வர வேண்டும். இவ்வளவு பெரிய காரியம் எப்படி ஒரு நிமிடத்துக்குள் நடக்கும்? உண்மையில் அங்கே ஒரு நிமிடம் இல்லை. இப்படி யோசியுங்கள். பண்டாரவளையில் இருந்து ஹட்டனுக்கு ஒருவர் ரயில் பாதையோரமாக நடந்து வருகிறார். மணிக்கு ஒரு கடிதம் எழுதி, தன்னைவிட ஒரே ஒரு துளி வேகமாக நடக்கும் ஆளிடம் கொடுத்து முன்னால் அனுப்புகிறார். முதல் கடிதம் கொண்டு வருபவர், எழுதியவர் ஹட்டனை அடைவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் வந்து சேர்வார். மற்ற எல்லாக் கடிதங்களும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்ளேயே ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். ஹட்டனில் நிற்கும் உங்களுக்கு, நாள் முழுக்க நடந்த பயணம் பத்து நிமிடக் கதையாகத் தெரியும். தாரை தன் சொந்த ஒளியைத் துரத்திக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது. ஒளி அந்தக் கடிதம் கொண்டு வருபவர்.

எவ்வளவு சுருங்கும் என்பது தாரையின் லொரன்ஸ் காரணியைப் பொறுத்தது. தாரை ஒளி வேகத்தை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று காட்டும் எண் அது. இதை அளப்பதற்கும் முதல் நிமிடங்கள்தான் வழி. வெளிவாயுவை உழுதுகொண்டு போகும் தாரை எப்போது கணிசமாக வேகம் இழக்கிறதோ, அப்போது பின்னொளிர்வு உச்சத்தை எட்டும். தாரை எவ்வளவு வேகமோ, நமக்கு உச்சம் அவ்வளவு சீக்கிரம் வரும். ஆனால் ஏற்றத்தைப் பார்த்தால்தான் உச்சம் எங்கே என்று சொல்லலாம். இறக்கத்தில் போய் ஏறிக்கொண்டவருக்கு மலையின் உயரம் தெரியாது. 2006 இல் சிலியின் லா சீயா மலையில் இருக்கும் ரெம் என்ற 60 சென்றிமீற்றர் தானியங்கித் தொலைகாட்டி, ஏப்ரல் 18 வெடிப்பையும் ஜூன் 7 வெடிப்பையும் ஏறும்போதே பிடித்தது. ஒன்றில் உச்சம் 153 செக்கனில், மற்றதில் 180 செக்கனில். அதில் இருந்து லொரன்ஸ் காரணி 400 அளவு என்று கணக்கிட்டார்கள். ஒளி வேகத்தில் 99.9997 வீதம். நேரம் சுருங்கும் அளவு காரணியின் வர்க்கத்தின் இரு மடங்கு, அதாவது 3,20,000. நம் கடிகாரத்தின் ஒரு நிமிடத்துக்குள் அந்தத் தாரை ஏழு மாதப் பயணத்தை முடித்துவிடுகிறது. 60 சென்றிமீற்றர் கண்ணாடி, சரியான இரண்டு நிமிடத்தில் திறந்திருந்ததால் கிடைத்த எண் இது. எட்டு மீற்றர்த் தொலைகாட்டி மறுநாள் பார்த்திருந்தால் கிடைத்திருக்காது.

எல்லா வெடிப்பும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 19 வெடிப்பை லொஸ் அலமோஸின் ரப்டர் தொலைகாட்டிகள் காமாக் கதிர் வந்துகொண்டு இருக்கும்போதே பார்த்தன. அதில் ஒளியும் காமாவும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. அப்படியானால் அந்த ஒளி தாரைக்குள் நடந்த மோதலில் இருந்தே வந்திருக்க வேண்டும். 1999 இல் கண்டதற்கு இது வேறு. பல வெடிப்புகளில் ஒளியே தென்படவில்லை. தூசி மறைத்திருக்கலாம், மிகத் தூரமாக இருக்கலாம். 1999 இல் முதல் வெற்றியைப் பார்த்ததும் இனி வாரத்துக்கு ஒன்று கிடைக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். அந்த மாதிரிப் பிரகாசம் அரிது என்பது பிறகுதான் புரிந்தது.

அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. இந்த இடத்தில் நம் நாட்டோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். 1956 இல் இருந்து இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 2008 மார்ச் 19 விடிவதற்கு முன் கொழும்பில் காலமானார். அன்றே, நம் நேரப்படி பகல் 11.42 மணிக்கு, சுவாதி நட்சத்திரம் இருக்கும் பூட்டீஸ் கூட்டத்தில் ஒரு காமாக் கதிர் வெடிப்பு. அதன் ஒளி பிரகாச எண் 5.3 வரை ஏறியது. அரை நிமிடத்துக்குக் குறையாமல் வெறுங்கண்ணுக்கு எட்டும் பிரகாசத்தில் இருந்தது. அந்த ஒளி 750 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது. அது புறப்பட்டபோது பூமியே இல்லை. மனிதக் கண்ணுக்கு எட்டக்கூடிய மிகத் தூரத்து நிகழ்வாக அது பதிவானது. நம் மலைக்கு மேலே அப்போது சூரியன். நமக்குத் தெரிய வழியில்லை. அந்த வெடிப்புக்குக் கிளார்க்கின் பெயரை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அதிகாரபூர்வமாக வைக்கவில்லை. எனக்கு மட்டும் அது கிளார்க் வெடிப்புத்தான்.

அதைப் படம் பிடித்த விதம் இன்னும் அழகு. அதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்னால், பத்துப் பாகை தள்ளி, இன்னொரு வெடிப்பு நடந்திருந்தது. அதைப் பார்க்கத் திரும்பியிருந்த ரெம் தொலைகாட்டியின் மேல் டோர்டோரா என்ற அகல விழிக் கெமரா பொருத்தப்பட்டு இருந்தது. 24 பாகைக்கு 32 பாகை பார்க்கும் அந்தக் கெமராவின் ஓரத்தில் இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்தது. சிலியிலேயே இருந்த 'பை ஒஃப் த ஸ்கை' என்ற போலந்துக் கெமராக்களும் அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டு இருந்தன. ஆகவே வெடிப்புக்கு முந்திய செக்கன், நடுச் செக்கன், பிந்திய செக்கன் எல்லாமே படத்தில் இருக்கின்றன. டோர்டோரா ஒரு செக்கனுக்கு ஏழு படம் என்ற கணக்கில் எடுத்தது. ஒளி தொடங்கியதும் ஓய்ந்ததும் காமாவோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே. ஆனால் ஒளியின் அளவோ காமா நிறமாலையை நீட்டிப் பார்த்து எதிர்பார்த்ததைவிட மிக மிக அதிகம். ஒரே இடத்தில், ஆனால் வெவ்வேறு வழிமுறையில் இரண்டும் பிறந்திருக்க வேண்டும் என்று அதற்கு விளக்கம் தேடினார்கள்.

உங்கள் கேள்வியில் 'எப்படி' என்பதற்கு இயந்திரத்தின் பக்கமும் சொல்ல வேண்டும். 2004 நவம்பர் 20 அன்று ஸ்விஃப்ட் செய்மதி போன பிறகு இந்த வேலை அன்றாட வேலையாகிவிட்டது. வெடிப்பைக் கண்டு பத்து, இருபது செக்கனுக்குள் அது இடத்தை அனுப்பிவிடும். பிழை சில கலை (ஒரு பாகையில் 60 கலை) அளவுதான், நிலவின் அகலத்தில் எட்டில் ஒரு பங்கு. பிறகு அதுவே உடம்பைத் திருப்பி, ஓரிரு நிமிடத்தில் தன் எக்ஸ் கதிர்த் தொலைகாட்டியாலும் புறஊதாத் தொலைகாட்டியாலும் பார்க்கத் தொடங்கும். தரையில் செய்தி வந்ததும் தானியங்கித் தொலைகாட்டியின் கணினி, அந்த இடம் அடிவானத்துக்கு மேலே இருக்கிறதா, சூரியன் இறங்கிவிட்டதா, நிலவு பக்கத்தில் நிற்கிறதா என்று பார்க்கும். மழையுணரி, காற்றுமானி, ஈரமானி மூன்றும் சரி என்றால்தான் கூரை திறந்திருக்கும். எடுத்துக்கொண்டு இருக்கும் படம் யாருடையதாக இருந்தாலும் பாதியில் விட்டுவிடும். திரும்பும். முதலில் 5 செக்கன் படங்கள், பிறகு நீண்ட படங்கள். வந்த படத்தை நட்சத்திர அட்டவணையோடு ஒப்பிட்டு, அட்டவணையில் இல்லாத புள்ளி ஏதும் இருக்கிறதா என்று தேடும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் எங்கோ தூங்கும் ஒரு ஆய்வாளரின் ஃபோன் அடிக்கும்.

ரொட்ஸே குழு பிறகு ரொட்ஸே-3 என்ற 45 சென்றிமீற்றர்த் தொலைகாட்டிகள் நான்கை அவுஸ்திரேலியா, நமீபியா, துருக்கி, டெக்சாஸ் என்று உலகைச் சுற்றி வைத்தது. எங்கேயாவது ஒரு இடத்தில் இரவாக இருக்க வேண்டும் என்பதற்காக. அவை பத்துச் செக்கனுக்குள் வானத்தின் எந்த மூலைக்கும் திரும்பின. எங்கள் 4 நிமிடம் 10 செக்கனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லா பால்மாவின் இரண்டு மீற்றர் லிவர்பூல் தொலைகாட்டி இன்னொரு படி போய், முதல் நிமிடங்களின் ஒளி முனைவாக்கம் பெற்றிருக்கிறதா, அதாவது ஒளி அலைகள் ஒரே திசையில் அதிர்கின்றனவா என்று அளந்தது. 2012 மார்ச் 8 வெடிப்பில் 28 வீதம் வரை இருந்தது. தாரையின் காந்தப்புலம் ஒழுங்காக அடுக்கப்பட்டு இருக்கிறது என்பதற்கு அது பலமான சான்று.

இனி நம் மலைக்கு வருவோம். மொறட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தில் ஜப்பான் 1996 இல் கொடுத்த 45 சென்றிமீற்றர்த் தொலைகாட்டி இருக்கிறது. விட்டத்தில் ரொட்ஸே-3 க்குச் சமம். ஆக, கண்ணாடி அளவு நமக்குத் தடை இல்லை. நாம் நிற்கும் இடமும் நல்லது. 7 பாகை வட அகலாங்கில் இருந்து சப்தரிஷியும் தெரியும், தென்சிலுவையும் தெரியும். கிட்டத்தட்ட முழு வானமும் ஆண்டுக்குள் நம் தலைக்கு மேலே வந்து போகும். நெட்டாங்கிலும் நமீபியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நடுவே நிற்கிறோம்.

தடை முகில்தான். சிலியின் மலைகளிலும் நமீபியாவிலும் தொலைகாட்டி வைத்ததற்குக் காரணம் அந்த வறண்ட வானம். நமக்கு இரண்டு பருவமழை. நுவரெலியாவில் சாயந்தரம் நான்கு மணிக்கு ஏறும் மூடுபனி எப்போது இறங்கும் என்று யார் சொல்வது? ஒன்றை மட்டும் கவனித்து வைத்திருக்கிறேன். திம்புளைப் பக்கம் நல்ல தேயிலைக்குப் பேர்போன மாதங்கள் ஜனவரி முதல் மார்ச். ஊவாப் பக்கம் ஜூலை முதல் செப்டெம்பர். இரண்டுமே வறண்ட காற்றடிக்கும் மாதங்கள். கொழுந்துக்கு மணம் ஏறும் அதே இரவுகளில்தான் அந்தந்தப் பக்கம் வானமும் திறக்கிறது. ஹட்டனில் ஒன்று, வெலிமடைப் பக்கம் ஒன்று என்று இரண்டு சிறு கருவிகள் இருந்தால் ஒன்று நனையும்போது மற்றது பார்க்கும். இது என் கனவு, திட்டமாக எங்கேயும் இல்லை. நம் நெட்டாங்குக்குக் கிட்டத்தட்ட நேர் வடக்கே, லடாக்கின் ஹான்லேயில், 4500 மீற்றர் உயரத்தில் இந்தியா ஒரு 70 சென்றிமீற்றர்த் தானியங்கித் தொலைகாட்டியை 2018 முதல் இயக்குகிறது. அங்கே மழை மிகக் குறைவு. போட்டி என்று பார்த்தால் நாம் தோற்போம். பங்கு என்று பார்த்தால் நமக்கும் இடம் உண்டு. தென்னாபிரிக்காவின் பேர்ட்டோ மொனார்ட் என்ற ஆர்வலர், 2003 ஜூலை 25 வெடிப்பின் பின்னொளிர்வைத் தன் சொந்தத் தொலைகாட்டியால் கண்டுபிடித்தார்.

ஆனால் உயர்தரப் பரீட்சையை வைத்துக்கொண்டு உங்களை இரவெல்லாம் பனியில் நிற்கச் சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் செய்திகளும் அளவீடுகளும் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. ஒரு வெடிப்பு நடந்த சில நிமிடங்களில் எந்தக் குழு எத்தனையாவது செக்கனில் எவ்வளவு பிரகாசம் கண்டது என்று எழுதும் சுற்றறிக்கைகளை நாசாவின் ஏற்பாட்டில் ஃபோனிலேயே படிக்கலாம். அதைப் படிக்கப் பழகுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள்.

செய்முறைக் கொப்பியில் ஒரு வரைபுத் தாளை எடுங்கள். 1999 ஜனவரி 23 வெடிப்பின் ஆறு புள்ளிகள் இவை: 22 ஆவது செக்கனில் 11.7, 47 இல் 8.9, 73 இல் 10.0; 281 இல் 13.1, 447 இல் 13.8, 612 இல் 14.3. கிடை அச்சில் நேரத்தின் மடக்கை. நிலை அச்சில் பிரகாச எண்ணை −0.4 ஆல் பெருக்கிக் குறியுங்கள், அது ஒளியளவின் மடக்கைக்குச் சமமாக நடந்துகொள்ளும். 73 க்கும் 281 க்கும் இடையே கோட்டின் படித்திறனைக் கணக்கிடுங்கள். −2 க்குப் பக்கத்தில் வர வேண்டும். கடைசி இரண்டு புள்ளிகளுக்கு இடையே இறக்கம் கொஞ்சம் தணிந்திருக்கும். பின்னோக்கிய அலை ஓய்ந்து முன்னோக்கிய அலை கையில் எடுக்கத் தொடங்குகிறதா என்று கேட்க வேண்டிய இடம் அது.

அப்புறம் முதல் மூன்று புள்ளிகளையும் கையால் மறைத்துவிட்டு மிச்சக் கோட்டைப் பாருங்கள். நாங்கள் அப்புத்தளையில் எடுத்த மிக வேகமான நேரம் 250 செக்கன். அந்த இரவில் நாங்கள் நின்றிருந்தால் எங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது அவ்வளவுதான். வரைந்த தாளை ஃபோனில் படம் எடுத்து அனுப்புங்கள், மகள். படித்திறன் சரியா என்று பார்த்துச் சொல்கிறேன்.